தீக்குச்சி வேண்டாத தீ

ஹைட்ரசினுக்கு அம்மோனியாவைப் போல நெடி. அதன் குடும்பத்தைச் சேர்ந்த யுடிஎம்ஹெச் என்ற திரவத்தில் அந்த நெடியோடு மீன் கவிச்சையும் சேர்ந்துகொள்ளும். ரசாயனங்களோடு புழங்குகிறவர்களுக்கு மூக்குதான் முதல் காவல். வாடை வந்தால் நகர்ந்துவிட வேண்டும் என்று ஆய்வகத்தில் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைட்ரசினிடம் இந்தக் காவல் பலிக்காது. பணியிடத்துக் காற்றில் அது இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிபுணர்கள் வகுத்திருக்கும் வரம்பு, பத்துக் கோடியில் ஒரு பங்கு. மனித மூக்குக்கு அது எட்டுவதோ பத்து லட்சத்தில் மூன்று, நான்கு பங்கு சேர்ந்த பிறகு. வாடை தெரிகிற நேரத்தில் வரம்பை முந்நூறு மடங்குக்கு மேல் தாண்டியிருப்போம். கல்லீரலையும் நரம்பு மண்டலத்தையும் அது தாக்கும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் என்றும் அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துத் திரவம் ஒன்றைத்தான் நாம் செவ்வாய்க்கு அனுப்பினோம். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ உந்துபொருள். ஒரு தொட்டியில் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசின், இன்னொன்றில் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியான நைட்ரஜன் டெட்ராக்சைடு. டிசம்பர் 1 அன்று பூமியின் பிடியிலிருந்து கலத்தை விலக்கிவிட்ட பிறகு அதன் முதன்மை என்ஜின் ஏறத்தாழ 300 நாட்கள் சும்மா கிடந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு வினாடி மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். 24ஆம் தேதி காலை அது சுமார் 24 நிமிடம் ஓடி, கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று அந்த என்ஜின் எழாமல் போயிருந்தால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போயிருக்கக்கூடும். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் போய் அதைத் தட்டி எழுப்ப ஆள் கிடையாது.

அது எழுந்ததற்குக் காரணம், அதை யாரும் பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான். அந்த என்ஜினில் பொறி கிளப்பும் பிளக் இல்லை, தீத்திரி இல்லை. இரண்டு வால்வுகள் திறக்கும், இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொடும், தொட்ட கணத்தில் தீ. இப்படிப்பட்ட இணைகளை ஹைப்பர்கோலிக் உந்துபொருள்கள் என்கிறார்கள். நிலவில் இறங்கிய 12 பேரையும் திரும்ப மேலே தூக்கியது இந்த வகை என்ஜின்தான். ஒவ்வொரு பயணத்திலும் ஒரே ஒரு என்ஜின், அதற்கு மாற்று கிடையாது. பம்புகூட வைக்கவில்லை, ஹீலியம் வாயுவின் அழுத்தமே திரவங்களைத் தள்ளியது. கெட்டுப்போக ஏதுவான உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த வேலையை எல்லாம் ரசாயனத்தின் தலையில் வைத்தார்கள். ரசாயனம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

அந்தத் தயார்நிலையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆனால் எதிரே வருவது ஆக்சிஜனேற்றியா, குழாய் மூட்டில் மறந்துவிட்ட துணியா, தொட்டியை நிரப்ப நிற்கிற தொழிலாளியின் நுரையீரலா என்ற பேதம் அந்தத் திரவத்துக்குத் தெரியாது. எதைத் தொட்டாலும் வினை புரியும் குணம் இல்லையென்றால் என்ஜின் எழாது. அந்தக் குணம் இருந்தால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. ராக்கெட் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றுண்டு. இந்த ஆபத்தை யாரும் ஒழித்ததில்லை. மேலே பறக்கிறவரிடமிருந்து கீழே நிரப்புகிறவருக்கும், நிரப்புகிறவரிடமிருந்து எங்கோ ஓர் ஊரின் கிணற்றுக்குமாக அதைக் கைமாற்றியிருக்கிறார்கள். எது பாதுகாப்பான எரிபொருள் என்று கேட்பதைவிட, யாருக்குப் பாதுகாப்பு, அதன் பாரம் யார் தலையில் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 163 கோமெட் விமானத்தில் இந்தக் கேள்விக்கு மறைவே இல்லை. அடர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடை டி-ஸ்டாஃப் என்றும், மெத்தனாலும் ஹைட்ரசின் ஹைட்ரேட்டும் கலந்த திரவத்தை சி-ஸ்டாஃப் என்றும் அழைத்தார்கள். இரண்டையும் கொண்டுவரும் லாரிகளை ஒரே நேரத்தில் விமானத்தின் பக்கத்தில் விட மாட்டார்கள். விமானியின் இருக்கைக்கு இரு பக்கமும் டி-ஸ்டாஃப் தொட்டி. 1943 டிசம்பர் 30 அன்று யோசெஃப் பூஸ் என்ற விமானி மேலெழும்பியபோது, கழன்று விழ வேண்டிய சக்கர வண்டி தரையில் மோதித் துள்ளி விமானத்தின் அடியில் இடித்தது. விமானம் தரையில் மோதி நின்றபோது, கசிந்த டி-ஸ்டாஃப் அவர்மேல் கொட்டியது. அவர் அணிந்திருந்த காப்புடை தாங்கவில்லை. அவர் பிழைக்கவில்லை.

போருக்குப் பிறகு இந்தத் திரவங்களை வளர்த்தது விண்வெளி ஆசை என்பதைவிட ராணுவத்தின் அவசரம் என்று சொல்வதே பொருத்தம். செர்கேய் கொரோலியோவ் கட்டிய ஆர்-7 ராக்கெட் திரவ ஆக்சிஜனிலும் மண்ணெண்ணெயிலும் ஓடியது. ஸ்புட்னிக் போனது அதில், ககாரின் போனதும் அந்தக் குடும்பத்தில்தான். தளபதிகளுக்கு அது உதவவில்லை. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நிரப்பிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. போர் வந்தபின் நிரப்பத் தொடங்கினால் மணிக்கணக்கில் ஆகும். அமெரிக்காவிலும் இதே கணக்குதான். ஆக்சிஜனில் ஓடிய டைட்டன்-1 ஏவுகணையை நிரப்பி மேலே தூக்கிச் செலுத்தக் கால் மணி நேரம் பிடித்தது. ஹைப்பர்கோலிக் திரவங்களை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நிலத்தடிக் குழியில் காத்துக் கிடந்த டைட்டன்-2, உத்தரவு வந்த ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடும். மிச்சமான அந்த நிமிடங்களுக்காகத்தான் இரண்டு வல்லரசுகளும் விஷத்தைத் தேர்ந்தெடுத்தன.

சோவியத்தில் அந்தப் பக்கம் நின்றவர் மிகயில் யாங்கெல். அவருடைய ஆர்-16 ஏவுகணையில் யுடிஎம்ஹெச்சும் நைட்ரிக் அமிலமும். 1960 அக்டோபரில் பைக்கனூரில் அதன் முதல் பறப்புக்கான ஏற்பாடு நடந்தது. நவம்பர் 7 புரட்சி நாளுக்கு முன் பறக்க வேண்டும் என்ற நெருக்கடி. 23ஆம் தேதி உந்துபொருளை நிரப்பிவிட்டார்கள். பிறகுதான் கோளாறுகள் தெரிந்தன. தொட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே தடுப்பாக இருந்த சவ்வுகளில் சில நேரம் தவறி உடைந்துவிட்டன. அமிலம் இனி குழாய்களுக்குள் நின்று முத்திரைகளை அரிக்கும். இரண்டு நாட்களுக்குமேல் ராக்கெட்டை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. திரவத்தை வடித்துவிட்டுப் பழுது பார்த்தால் வாரக்கணக்கில் தாமதமாகும். நிரப்பிய ராக்கெட்டிலேயே வேலையைத் தொடர முடிவெடுத்தார்கள்.

ராக்கெட் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் மித்ரோஃபான் நெதேலின் ஏவுமேடைக்கே வந்து, ராக்கெட்டுக்குச் சில பத்து அடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தளபதியே அங்கே உட்கார்ந்திருக்கும்போது யார் விலகிப் போவார்கள்? வேலை இல்லாதவர்களும் அங்கே நின்றார்கள். 24ஆம் தேதி மாலை, புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, கட்டளைகளை வரிசையாக அனுப்பும் கருவி ஒன்றைத் தொடக்க நிலைக்குத் திருப்பினார்கள். ராக்கெட்டின் பேட்டரிகள் ஏற்கெனவே உயிர்பெற்றிருந்தன. திரும்பும் வழியில் அந்தக் கருவி இரண்டாம் அடுக்கின் என்ஜினுக்குக் கட்டளை கொடுத்துவிட்டது. அந்த என்ஜின், தன் குணப்படி, உடனே எழுந்தது. அதன் தீ கீழிருந்த முதல் அடுக்கின் தொட்டியைத் துளைத்தது. ஓடியவர்களைச் சுற்றுவேலி மறித்தது. உருகிய தார் கால்களைப் பிடித்துக்கொண்டது. புறப்பாட்டைப் பதிவுசெய்ய வைத்திருந்த கேமராக்கள் தாமாக இயங்கி இதையெல்லாம் படம் பிடித்தன. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நெதேலினின் உடலில் மிஞ்சியதை அவருடைய பதக்கத்தைக் கொண்டு அடையாளம் கண்டதாகச் சொல்வார்கள். சிகரெட் பிடிக்கப் பதுங்கறைக்குப் போயிருந்த யாங்கெல் பிழைத்தார். நெதேலின் விமான விபத்தில் இறந்தார் என்று அரசு அறிவித்தது. மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1989இல்தான் சோவியத் இதழ் ஒன்றில் உண்மை வெளிவந்தது.

அந்த மரணங்களுக்குத் திரவம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரமும் அதிகாரத்துக்கு அஞ்சிய மௌனமும் சேர்ந்துதான் அவர்களைக் கொன்றன. ஆனால் பற்றவைக்கத் தனி ஏற்பாடு தேவைப்படும் என்ஜினாக இருந்திருந்தால், ஒரு தவறான கட்டளைக்கும் தீக்கும் நடுவே இன்னொரு படி இருந்திருக்கும். அந்தப் படியை எடுத்துவிட்டதுதான் இந்த உந்துபொருளின் பெருமை. செவ்வாய்க்குப் பக்கத்தில் மங்கள்யானைக் காப்பாற்றியதும் பைக்கனூரில் அத்தனை பேரை எரித்ததும் அந்த ஒரே பண்புதான்.

திரவ ஆக்சிஜன் சாது என்றும் நினைத்துவிடக் கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 24 அன்று, அதே பைக்கனூரில், ஆர்-9 ஏவுகணையின் நிலத்தடிக் குழியில் கசிந்த ஆக்சிஜன் தீப்பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தத் தேதியில் அங்கே ராக்கெட் ஏவுவதில்லை என்பது இன்றுவரை வழக்கம். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. சிந்திய ஆக்சிஜன் காற்றோடு காற்றாகப் போய்விடும். மறுநாள் அந்த மண்ணில் நடக்கலாம். யுடிஎம்ஹெச் அப்படிப் போவதில்லை. 2013 ஜூலை 2 அன்று, திசை உணரும் கருவிகளைத் தலைகீழாகப் பொருத்தியதால் ஒரு புரோட்டான் ராக்கெட் கிளம்பிய சில வினாடிகளில் கவிழ்ந்து, நூற்றுக்கணக்கான டன் உந்துபொருளோடு கஸக் மண்ணில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் புல்வெளிக்கு ராக்கெட்டில் என்ன பங்கு இருந்தது? சீனாவின் உள்நாட்டு ஏவுதளங்களிலிருந்து கிளம்பும் பழைய லாங் மார்ச் ராக்கெட்டுகளின் முதல் அடுக்குகள் கிராமங்களின் பக்கத்தில் விழுந்து செம்பழுப்பு நிறத்தில் புகைவதை இன்று யார் வேண்டுமானாலும் காணொளியில் பார்க்கலாம். அந்தச் செம்பழுப்புதான் நைட்ரஜன் டெட்ராக்சைடு.

அதன் குணம் தனி. 21 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் தொட்டியைத் திறந்தால் அது திரவமாக இருக்காது. சுவாசித்தால் நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், முதலில் கொஞ்சம் இருமல் வந்து அடங்கிப்போகலாம். நன்றாக இருக்கிறேன் என்று வீட்டுக்குப் போனவருக்குப் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 1975 ஜூலை 24 அன்று அப்பல்லோ–சோயுஸ் பயணம் முடிந்து இறங்கிக்கொண்டிருந்த மூன்று அமெரிக்கர்களின் அறைக்குள், காற்றுத் துவாரம் திறந்தபோது இந்த வாயு புகுந்தது. வான்ஸ் பிராண்ட் மயங்கிவிட்டார். தாமஸ் ஸ்டாஃபோர்ட் அவருக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். மூவரும் இரண்டு வாரம் ஹொனலூலுவில் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தார்கள். அவர்களைக் கப்பல் காத்திருந்து ஏற்றிக்கொண்டது. வயல்வெளியில் அந்த மேகத்தைச் சுவாசித்தவருக்கு எந்தக் கப்பலும் வராது.

டைட்டன்-2 கதையில் இன்னொரு பெயர் டமாஸ்கஸ். சிரியாவின் தலைநகர் இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்த குழியில் 31 மீட்டர் உயர ஏவுகணை, அதன் உச்சியில் 9 மெகாடன் ஹைட்ரஜன் குண்டு. 1980 செப்டம்பர் 18 மாலை, ஆக்சிஜனேற்றித் தொட்டி ஒன்றில் அழுத்தம் குறைந்திருந்ததால் அதைச் சரிசெய்யக் காப்புடை அணிந்த இளம் வீரர்கள் மேடையில் நின்று வேலை பார்த்தார்கள். அவர்கள் கையிலிருந்த ராட்செட்டிலிருந்து சாக்கெட் கழன்றது. நாலு கிலோ எடைக்கும் குறைவான இரும்பு. மேடைக்கும் ஏவுகணைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் எழுபது எண்பது அடி கீழே போய், அடிச்சட்டத்தில் மோதித் தெறித்து, முதல் அடுக்கின் எரிபொருள் தொட்டியைக் குத்தியது. ஹைட்ரசினும் யுடிஎம்ஹெச்சும் சரிபாதி கலந்த திரவம் பீறிட்டது.

அதன்பின் நடந்ததெல்லாம் காத்திருப்பு. எரிபொருள் வடிய வடிய அந்தத் தொட்டிக்குள் அழுத்தம் இறங்கியது. அதற்கு மேலே ஆக்சிஜனேற்றித் தொட்டி. கீழ்த் தொட்டி நசுங்கினால் மேல்தொட்டி உடைந்து இரண்டும் கலக்கும். மறுபக்கம் குழிக்குள் வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. இதை நிறுத்த எந்த விசையும் இல்லை, எந்த வால்வும் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆலோசனை நடந்தது. விடியற்காலையில் இரண்டு பேரை உள்ளே அனுப்பி ஆவியின் அளவைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் வெளியே வந்திருந்த நேரத்தில் ஏவுகணை வெடித்தது. 740 டன் எடையுள்ள குழிமூடி பிய்ந்து பறந்தது. குண்டு வெளியே தூக்கி எறியப்பட்டது, நல்லவேளை, வெடிக்கவில்லை. உள்ளே போய் வந்த இருவரில் ஒருவர் அன்றே இறந்தார். 21 பேர் காயமடைந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் கன்சாஸில் இதே வகைக் குழியில் ஆக்சிஜனேற்றி கசிந்து இரண்டு வீரர்கள் இறந்திருந்தார்கள். 1987இல் டைட்டன்-2 ஏவுகணைகளைப் பணியிலிருந்து முழுதாக எடுத்தார்கள். அவை காத்துக் கிடந்த போர் வரவில்லை. அந்த ஆயுதத்தின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்தான் அதற்குப் பலியானவர்கள்.

இவற்றையெல்லாம் விடக் கொடிய திரவங்களையும் மனிதர்கள் தொட்டிக்குள் அடைக்கப் பார்த்தார்கள். குளோரின் டிரைஃப்ளோரைடு தண்ணீரோடு எரியும், மணலோடு எரியும், தீயைத் தாங்கும் கல்நாரோடும் எரியும். ஜெர்மானியர்கள் அதை ஆயுதமாக்கத் தனித் தொழிற்சாலையே கட்டினார்கள். அமெரிக்கக் கடற்படைக்காக நியூ ஜெர்சியில் உந்துபொருள் ஆய்வை நடத்திய ஜான் கிளார்க், 1972இல் வெளியிட்ட ‘இக்னிஷன்!’ நூலில் இந்தத் திரவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஐசக் அசிமோவ் முன்னுரை எழுதிய அந்த நூலை ரசாயனம் படிக்கும் மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். கிளார்க் விளக்கும் ஒரு விஷயம் என் மனத்தில் அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் எரிக்கும் இந்தத் திரவத்தைச் சாதாரண எஃகிலும் செம்பிலும் வைக்க முடிகிறது. காரணம், முதல் தொடுகையிலேயே உலோகத்தின் மேற்பரப்பு வினைபுரிந்து மெல்லிய ஃப்ளோரைடு படலமாகிவிடுகிறது. ஏற்கெனவே எரிந்துபோன அந்தத் தோல்தான் மிச்ச உலோகத்தைக் காக்கிறது. அந்தப் படலம் எங்காவது உரிந்து, மீண்டும் உருவாகாமல் போனால் தொட்டியே எரிபொருளாகிவிடும். இந்தத் திரவமும், ஃப்ளோரினை ஆக்சிஜனேற்றியாகக் கொண்ட மற்றத் திட்டங்களும் ராக்கெட்டில் வழக்கத்துக்கு வரவில்லை. அவை தந்த கூடுதல் உந்துவிசைக்காக அத்தனை துயரத்தைத் தாங்க ஒரு நாடும் தயாராக இல்லை. அறிவியலில் ‘முடியும், ஆனால் வேண்டாம்’ என்று சொன்ன தருணங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

நைட்ரஜன் டெட்ராக்சைடிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. 1960களின் நடுவில் அமெரிக்காவில் அப்பல்லோவுக்கான டைட்டேனியம் தொட்டிகள் சோதனையின்போது விரிசல்விட்டன. முன்பு அதே உலோகம், அதே திரவம், ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை. தேடிப் பார்த்ததில், புதிதாக வந்த திரவம் முன்னதைவிடச் சுத்தமாக இருந்தது தெரிந்தது. பழைய திரவத்தில் கலப்படமாகக் கிடந்த நைட்ரிக் ஆக்சைடுதான் டைட்டேனியத்தைக் காத்துவந்திருக்கிறது. அதைத் திரும்பவும் வேண்டுமென்றே கலக்கத் தொடங்கினார்கள். மங்கள்யானில் போன ஆக்சிஜனேற்றியின் பெயர் மோன்-3. அந்த மூன்று, நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்த நைட்ரிக் ஆக்சைடைக் குறிக்கிறது.

திட உந்துபொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் ரப்பர் போன்ற பிணைப்பில் உறைந்து கிடக்கும். ஆவியாகாது, கசியாது. ஆனால் ஒருமுறை பற்றினால் அணைக்க வழியில்லை. 1988 மே 4 அன்று நெவாடாவின் ஹெண்டர்சன் நகரில் பெர்குளோரேட் ஆலை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள், முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு விண்ணோடங்கள் பறக்காததால் வாங்க ஆளின்றிச் சரக்கு மலையாகச் சேர்ந்திருந்தது. 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே திட உந்துபொருள் தீப்பிடித்து ஆறு பேரை இழந்தோம். சத்தமில்லாத சேதமும் உண்டு. பெர்குளோரேட் தண்ணீரில் எளிதில் கரையும், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். ஹெண்டர்சனிலிருந்து அது கொலராடோ ஆற்று நீரில் கலந்தது. கேரளத்தில் ஆலுவாவுக்குப் பக்கத்தில் கீழ்மாடு பகுதிக் கிணறுகளிலும் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். நம் ராக்கெட்டுகளுக்குப் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலை இருப்பது அங்கேதான்.

இனி மகேந்திரகிரி. நெல்லை மாவட்டத்தில், பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இஸ்ரோவின் உந்துபொருள் வளாகம். நம் விகாஸ் என்ஜினை ஓட்டிப் பார்ப்பது இங்கேதான். பிரான்சின் வைக்கிங் என்ஜினின் வழியில் வந்தது விகாஸ். 1974இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் வெர்னோன் நகருக்குப் போய், நம்பி நாராயணன் தலைமையில் பல ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து உழைத்து அதைக் கற்றுவந்தார்கள். பணமாகக் கொடுக்காமல் உழைப்பாகக் கொடுத்து வாங்கிய தொழில்நுட்பம் அது. பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கு, ஜிஎஸ்எல்வியின் பக்கவாட்டு அடுக்குகள், சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டின் 110 டன் திரவ அடுக்கு என்று நம் விண்வெளிப் பயணத்தின் முதுகெலும்பே அந்த என்ஜின்தான். அதில் எரிவது யுடிஎம்ஹெச்சும் ஹைட்ரசின் ஹைட்ரேட்டும் கலந்த யுஹெச்-25, கூடவே நைட்ரஜன் டெட்ராக்சைடு. இவற்றை ஆலைகளிலிருந்து டேங்கர்களில் சாலை வழியே கொண்டுவர வேண்டும், இறக்க வேண்டும், சேமிக்க வேண்டும், நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மனிதர்கள் காப்புடைக்குள் புகுந்து, வெளியிலிருந்து வரும் காற்றைக் குழாயில் சுவாசித்துக்கொண்டு, தென்கோடி வெயிலில் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

அன்று விகாஸை எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மைனஸ் 183 டிகிரித் திரவத்தைப் பெரிய அளவில் கையாளும் வசதி அப்போது நம்மிடம் இல்லை. வேறெந்த நாடும் என்ஜின் நுட்பத்தைச் சொல்லித்தர முன்வராத காலம் அது. ஆனால் நமக்குக் கற்றுக்கொடுத்த பிரான்சு, 2003இல் அரியான்-4ஐ நிறுத்தியபோது வைக்கிங்கையும் விட்டுவிட்டது. அமெரிக்காவின் கடைசி டைட்டன் 2005இல் பறந்தது. சீனா 2015 முதல் மண்ணெண்ணெய், ஹைட்ரஜன் ராக்கெட்டுகளுக்கு மாறத் தொடங்கியது. இன்னும் வியப்பு சோவியத் கதை. விஷத் திரவங்களே எதிர்காலம் என்று கொரோலியோவோடு மல்லுக்கட்டி, நிலவு ராக்கெட்டுக்கு என்ஜின் தர மறுத்த வாலண்டின் குளுஷ்கோ, கடைசியில் தானே தலைமையேற்று 1987இல் பறக்கவிட்ட எனர்ஜியாவுக்கு ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் குடிக்கும் என்ஜினைத்தான் செய்தார்.

நச்சுக் குறைந்த மாற்றுகள் வராமல் இல்லை. 2010இல் ஸ்வீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோளும் 2019இல் நாசாவின் ஒரு சோதனைக் கலமும் ஹைட்ரசினுக்கு மாற்றான புதிய உப்புக் கரைசல்களை விண்ணில் ஓட்டிப் பார்த்தன. ஆனால் அவற்றை எரிக்க வினையூக்கியை முன்கூட்டியே நன்றாகச் சூடேற்ற வேண்டும். நினைத்த கணத்தில் எழும் குணம் போய்விட்டது. நச்சைக் குறைத்தால் தயார்நிலையும் குறைகிறது. இந்தப் பேரத்தில் இயற்கை இதுவரை யாருக்கும் தள்ளுபடி கொடுத்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. யாரும் போய்ச் சேர முடியாத தொலைவில் எழ வேண்டிய சின்ன என்ஜினுக்கு, சில நூறு கிலோ ஹைட்ரசின் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே அதற்கு ஈடில்லை. பூமியிலிருந்து கிளம்பும் நூற்றுப்பத்து டன் அடுக்கில் அதற்கு இனி நியாயமில்லை. அந்த அடுக்கு எழுவது நம் கண்முன்னால், ஏவுமேடையிலிருந்து சில நிமிடத் தொலைவுக்குள். அங்கே பற்றவைக்கத் தெரிந்த நூறு வழிகள் உண்டு. அந்த இடத்தில் ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் கொண்டு ஓடும் 2,000 கிலோநியூட்டன் என்ஜினை இஸ்ரோ உருவாக்கிவருகிறது. அதன் சோதனைகளும் மகேந்திரகிரியில்தான் நடக்கின்றன. கூடுதல் எடையைத் தூக்கலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். நிரப்புகிறவரின் உடம்பு முதல் காரணமாக இருந்திருந்தால் அந்த என்ஜின் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ககன்யானில் மனிதர்களை ஏற்றிச் செல்லப்போவதும் இதே விகாஸ் அடுக்குதான் என்பதால், இனித் தாமதிக்க இடமில்லை.

அதுவரை ஒன்றைச் செய்யலாம். அதற்குப் புதிய என்ஜின் வேண்டாம். மகேந்திரகிரியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இந்தத் தொட்டிகளை நிரப்பிய, நிரப்புகிற ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் டேங்கர் ஓட்டுநர்களையும் சேர்த்து, அவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் முப்பது ஆண்டுகள் தொடர வேண்டும். புற்றுநோய் அவ்வளவு காலம் காத்திருந்து வரக்கூடியது. பெயர்களை மறைத்துவிட்டு முடிவுகளை ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும். ராக்கெட் புறப்படும் நாளில் கைதட்டுகிற நாம் எல்லோரும் இதை விண்வெளித் துறையிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் எழுத்தில் கேட்க வேண்டும்.